தாத்தாவின் போர்க்களக் கடிதத்தை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: என் அப்பாவின் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சிப்பாயாக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக்குப் போய்த் திரும்பினார். 'இத்தாலி ஸ்டார்' பதக்கம் வீட்டில் இருக்கிறது. 1944 ஆகஸ்டில் அப்பத்தாவுக்கு அவர் போட்ட கடிதம் ஒன்றும் இருக்கிறது. நீலநிறத் தாள், ஊதா எழுத்து, மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டது. நான்கு வரிகளை யாரோ கறுப்பு மையால் அடித்திருக்கிறார்கள். கடிதத்தில் உள்ள எழுத்து ஒரு மாதிரி, கடைசியில் தாத்தா போட்ட கையெழுத்து வேறு மாதிரி. அவர் கொண்டுவந்த பித்தளைக் குப்பி ஒன்றைப் பூஜை அறையில் வைத்திருக்கிறோம். தாத்தா பக்கத்தில் விழுந்த ஜெர்மன்காரன் குண்டு அது, அவர் பிழைத்தது குலதெய்வத்தின் செயல் என்று அப்பத்தா சொல்லுவார். ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைப்போம். குப்பிக்குள் ஒரு துப்பாக்கித் தோட்டாவும் கிடக்கிறது. கடிதத்தை லேமினேட் செய்யச் சொல்கிறார் 81 வயது சித்தப்பா. லண்டனில் இருக்கும் தம்பி, "கடிதம் எனக்கு, குப்பி அக்காவுக்கு" என்கிறான். அடித்த வரிகளைப் படிக்க வழி உண்டா? கடிதம் போலியாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம். படங்களும், கடிதத்தைப் பார்த்து எழுதிய நகலும் அனுப்பியிருக்கிறேன்.
– சிவகங்கை மாவட்ட வாசகி

பதில்:

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன தோட்டாவைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படத்தில் அதன் நுனியில் ஈயக்குண்டு அப்படியே பொருந்தியிருக்கிறது. அடியில் 'கே', 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. புனே அருகே கிர்க்கி தொழிற்சாலையில் செய்த தோட்டாக்களில் இருக்கும் முத்திரை அது. குண்டு நுனியில் இருக்கிறது என்றால் உள்ளே மருந்தும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எண்பது வருடத்தில் செத்துப் போயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால்கூட, அது வெடிக்கத் தவறிய தோட்டாவாக இருக்கலாம்.

இன்றிலிருந்து அதைத் தொட வேண்டாம், துடைக்க வேண்டாம். விளக்கையும் சாம்பிராணியையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மருந்தைக் கொட்டிவிட்டு வெறும் தோட்டாவைத் தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். அதனால் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள், வெறும் கையோடு போங்கள். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கிடக்கிறது, இப்போதுதான் விவரம் தெரிந்தது என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள், தேவைப்பட்டால் வெடிகுண்டு நிபுணர்களை அழைப்பார்கள். பித்தளைக் குப்பி இருப்பதையும் அதே மனுவில் சொல்லிவிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கூட்டிப் போகலாம். ஒரு நினைவுப் பொருள் கையை விட்டுப் போகிறதே என்று வருத்தமாக இருக்கும், படம்தான் ஏற்கனவே எடுத்துவிட்டீர்களே.

சரி, இப்போது கடிதத்துக்கு வருவோம்.

லேமினேட் செய்யக் கூடாது. சித்தப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ரேஷன் கார்டையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் அப்படித்தானே காப்பாற்றினோம். ஆனால் அந்த மெஷின் சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கித் தாளோடு ஒட்டுகிறது. ஒட்டியபின் பிரிக்க வழியில்லை. பிளாஸ்டிக் மங்கினாலோ ஓரத்தில் காற்று புகுந்தாலோ உள்ளே இருக்கும் தாளை எந்த நிபுணராலும் பத்திரமாக வெளியே எடுக்க முடியாது. லேமினேட் ஆன கடிதங்களோடு என்னிடம் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். செலோ டேப்பும் இதே கதைதான். பத்து வருடத்தில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

உங்கள் கடிதத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த ஊதா எழுத்து பேனா மை இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் சில இடங்களில் பென்சில் போலச் சாம்பல் மினுமினுப்பு, சில இடங்களில் பளிச்சென்ற ஊதா. அது காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோடு அனிலின் சாயத்தைக் கலந்து செய்தது. உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரி எழுதும், ஈரம் பட்டால் சாயம் கரைந்து ஊதாவாகிவிடும். மைப்புட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாத சிப்பாய்களுக்கு அது வசதியாக இருந்தது. ரப்பரால் அழிக்கவும் முடியாது. உங்கள் கடிதத்தில் நடுப்பகுதி மட்டும் ஏன் ஊதாவாக இருக்கிறது என்று கேட்டால், ஏதோ ஒரு காலத்தில் அங்கே ஈரம் பட்டிருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும். இத்தாலி மழையோ, தபால் பையோ, அப்பத்தாவின் கையோ, யார் கண்டது.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், கிழிசலைச் சரிசெய்யும் வழக்கமான முறையே இந்தக் கடிதத்துக்கு ஆகாது. மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டுவோம். அந்தப் பசையில் இருக்கும் ஈரமே எழுத்தைக் கரைத்துவிடும். ஆகவே யாரிடம் கொடுத்தாலும் முதல் வார்த்தையாக "இது காப்பியிங் பென்சில்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டும் தண்ணீரில் நனைத்துச் சுத்தம் செய்யலாம் என்று ஒருவர் சொன்னால், கடிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தாள்களைக் கையாண்டு பழகியவர்கள் இருக்கிறார்கள். அங்கே விசாரித்துத் தொடங்கலாம்.

அதுவரை வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மழை இல்லாத நாளாகப் பார்த்துக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மெதுவாகப் பிரியுங்கள். கையுறை வேண்டாம், துணி நூலில் கிழிந்த ஓரம் மாட்டிக்கொள்ளும். மறுபடி மடிக்காதீர்கள். மடிப்பதும் பிரிப்பதும்தான் அந்த மெல்லிய தாளைக் கொல்கிறது. தட்டையான ஸ்கேனரில் இரண்டு பக்கத்தையும் வண்ணத்தில், 600 டிபிஐ அளவில் ஒரே தடவை ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தாளை உள்ளே இழுக்கும் வகை ஸ்கேனர் பக்கமே போக வேண்டாம். பிறகு கடிதத்தைப் பாலியஸ்டர் உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டைக்கு நடுவே வைத்து, ஓர் அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பிவிசி கவர் ஆகாது, அது காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். பீரோவில் வைப்பதானால் வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டிய பீரோ வேண்டாம். வேப்பிலை பூச்சியை விரட்டும் என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஆனால் பச்சை இலை தாளில் கறை இறக்கும். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் ஸ்கேன் செய்ததை அச்சிட்டு ஃபிரேம் போடுங்கள். அனிலின் சாயம் வெளிச்சத்திலும் வெளிறும், அசல் இருட்டிலேயே இருக்கட்டும்.

கையெழுத்து மாறியிருப்பதால் போலி என்று பயப்பட வேண்டாம். எழுதத் தெரியாத சிப்பாய்க்கு எழுதத் தெரிந்த சிப்பாய் எழுதிக் கொடுப்பது எல்லாப் படையிலும் நடந்ததுதான். சொன்னது தாத்தா, எழுதியது கூட இருந்த யாரோ, கையெழுத்து மட்டும் தாத்தா. நீங்கள் அனுப்பிய நகலில் "நம் ஆடு ஈன்றதா, கிணற்றடி வேலிப் பஞ்சாயத்து என்ன ஆயிற்று" என்று வருகிறதே, அதை யாரும் போலியாக எழுத மாட்டார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பட்டாளத்தில் 'தம்பிகள்' என்றே பெயர் உண்டு. கடிதத்தில் "தம்பி எழுதுகிறான்" என்று ஓரிடத்தில் வருவது சொந்தத் தம்பியாக இல்லாமல், எழுதிக் கொடுத்த அந்த இன்னொருவராக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

அடித்த வரிகள் தணிக்கைக்காரருடைய வேலை. ஊர்ப் பெயர், படையின் பெயர், எங்கே பாலம் போடுகிறார்கள் போன்றவை வெளியே போகக் கூடாது. சாப்பர்ஸ் என்றால் பாலமும் பாதையும் கண்ணிவெடியும்தானே. 1944-இல் இத்தாலியில் சக வீரர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் தன் உடலைப் போட்டு உயிர்விட்டு, ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இதே படைக்காரர்தான். அப்படிப்பட்ட வேலையில் இருந்தவர் மனைவிக்கு நான்கு வரி விவரமாக எழுதியிருந்தால் தணிக்கையில் தப்பாது.

அந்த மையைச் சுரண்டியோ ரசாயனம் தடவியோ நீக்க முடியாது, கூடாது. படிக்க மட்டும் ஒரு வழி இருக்கிறது. கிராஃபைட் அகச்சிவப்பு ஒளியிலும் கறுப்பாகவே தெரியும். சாய மைகள் பெரும்பாலும் அந்த ஒளியில் மறைந்துவிடும். தணிக்கைக்காரர் அடித்தது சாய மை என்றால், அகச்சிவப்புக் கேமராவில் அடித்தது மறைந்து தாத்தா சொன்னது மேலே வந்துவிடும். அவர் கரி கலந்த கறுப்பு மையைப் பயன்படுத்தியிருந்தால் இரண்டுமே கறுப்பாக நிற்கும், ஒன்றும் செய்வதற்கில்லை. கடிதத்தைத் தொடாமலே எடுக்கும் படம் என்பதால் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை. பாதுகாப்பு நிபுணரிடம் போகும்போது இதையும் கேளுங்கள்.

இனி குப்பி. இங்கே உங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

பீரங்கியில் இரண்டு பொருள் இருக்கிறது. எதிரி மேல் போய் விழுவது இரும்புக் குண்டு. அதைத் தள்ளிவிடும் மருந்து இருப்பது பித்தளை உறையில். சுட்டபின் குண்டு பல மைல் தள்ளிப் போகும், உறை சுட்டவன் காலடியிலேயே கிடக்கும். ஆகவே தாத்தா பக்கத்தில் ஜெர்மன் குண்டு விழுந்திருந்தால் கையில் கிடைத்திருப்பது கோணல்மாணலான இரும்புச் சில். முழுசான பித்தளை உறை இல்லை.

உங்கள் படத்தில் உயரம் ஸ்கேல்படி 29 சென்டிமீட்டர், வாய் அகலம் கிட்டத்தட்ட 88 மில்லிமீட்டர். தம்பி இணையத்தில் தேடி "ஜெர்மன் 88" என்று கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். புகழ்பெற்ற அந்த ஜெர்மன் விமான எதிர்ப்புப் பீரங்கியின் உறை 57 சென்டிமீட்டர் நீளம். பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கியின் குழாய் 87.6 மில்லிமீட்டர், அதன் உறை 29 சென்டிமீட்டர். வாயளவு ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். நீண்ட உறையை அறுத்துக் குட்டையாக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதற்கு அடிப்பக்கம் பதில் சொல்கிறது. '25' என்ற எண், பக்கத்தில் 'பி ஆர்' எழுத்துகள், 1942, அப்புறம் பிரிட்டிஷ் அரசுப் பொருள்களில் வரும் அம்பு முத்திரை. நடுவில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் குத்திய பள்ளமும் தெரிகிறது, அதாவது சுட்டு முடித்த உறை. நம் பக்கத்துப் பீரங்கியுடையது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், தாத்தாவே சொல்லியிருக்கிறார். நீங்கள் எழுதி அனுப்பிய நகலில், ஆட்டு விசாரணைக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இருக்கிறது: "இங்கே பீரங்கிக்கார வெள்ளைக்காரன் ஒருவனிடம் சிகரெட் டின் கொடுத்து ஒரு பித்தளைக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். சாம்பிராணி போட ஆகும்." இத்தாலியில் சண்டையிட்ட 4, 8, 10-ஆம் இந்தியப் படைப்பிரிவுகளின் பீரங்கி ரெஜிமென்டுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்கள். அதனால் "வெள்ளைக்காரன்" என்பதும் சரியாகப் பொருந்துகிறது. இத்தனை வருடம் கடிதம் பெட்டியிலும் குப்பி பூஜை அறையிலும் தனித்தனியாக இருந்ததால் யாரும் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை.

இதைச் சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியவில்லை. எனக்கென்னவோ குண்டுக் கதையைவிட இது பிடித்திருக்கிறது. போர்முனையில் நின்றுகொண்டு, ஊரில் பூஜைக்கு ஒரு தூபக்கால் தேற்றியிருக்கிறார் மனிதர். தாத்தா பக்கத்தில் குண்டு விழவே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. விழுந்திருக்கலாம், அதை அவர் அப்பத்தாவிடம் நேரில் சொல்லியிருக்கலாம், பிற்பாடு இரண்டு கதையும் குப்பிக்குள் ஒன்றாகிவிட்டிருக்கலாம். அதனால் அப்பத்தா சொன்னதை அழிக்காதீர்கள். சித்தப்பாவை உட்காரவைத்து அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள், இந்த வாரமே. எழுதி வைக்கும்போது, அப்பத்தா சொன்னது இது, கடிதத்தில் இருப்பது இது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

குப்பி பூஜை அறையிலேயே இருக்கட்டும், அதற்காகத்தானே வாங்கினார். ஆனால் புளியை நிறுத்துங்கள். புளியின் அமிலம் களிம்போடு கொஞ்சம் உலோகத்தையும் எடுத்துவிடும். அடியில் '2' என்பது பாதி தேய்ந்திருப்பது எழுபது எண்பது ஆயுத பூஜைகளின் கணக்கு. கடையில் விற்கும் பாலிஷில் பலவற்றில் அம்மோனியா இருக்கும், அது இன்னும் மோசம். இதில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டுக்கொண்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பழுப்பேறி இருப்பது அழுக்கு இல்லை, அப்படியே விடலாம். பொட்டைக் குப்பிக்கு வைக்காமல், அதை ஒரு தாம்பாளத்தில் நிறுத்தித் தாம்பாளத்துக்கு வையுங்கள்.

பங்கு பிரிப்பதைப் பற்றி என் கருத்து கடுமையானது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். கடிதம் இல்லையென்றால் அந்தக் குப்பி, பழைய பொருள் கடையில் கிடக்கும் எத்தனையோ உறைகளில் ஒன்று. தம்பி எடுத்துப் போவதிலும் சிக்கல் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்களுக்கு 75 வருடம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் கடிதம் 2019-இலேயே அதைத் தாண்டிவிட்டது. குடும்பக் கடிதம் அதில் அடங்குமா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்காமல் பெட்டியில் வைத்துக் கிளம்ப வேண்டாம். குப்பியை விமானத்தில் கொண்டுபோகும் யோசனையே வேண்டாம். ஸ்கேனரில் அந்த உருவத்தைப் பார்த்த அதிகாரிக்கு இத்தாலிக் கதையெல்லாம் சொல்லிப் புரியவைப்பது சுலபமில்லை.

தம்பிக்கு லண்டனில் இதைவிட நல்ல வேலை இருக்கிறது. படைகள் அன்றாடம் எழுதிய போர் நாட்குறிப்புகள் க்யூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தாவின் கம்பெனி எண் தெரிந்தால், 1944 ஆகஸ்டில் அந்தக் கம்பெனி எந்த ஆற்றின் மேல் பாலம் போட்டது என்று அவர் போய்ப் படிக்கலாம். தணிக்கைக்காரர் அடித்த நான்கு வரியின் விஷயம் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும். இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களிலிருந்து தணிக்கைத் துறை ஆங்கிலத்தில் பெயர்த்து எடுத்த பகுதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. நம் ஆட்கள் தமிழில் என்ன எழுதினார்கள் என்று ஆராய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஆங்கிலத் துணுக்குகள்தான் கிடைக்கின்றன. அசல்கள் வீடு வந்து சேர்ந்து, கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் போய்விட்டன. உங்களிடம் இருப்பது அசல்.

கம்பெனி எண்ணுக்கு இரண்டு வழி. ஒன்று, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர்) ஆவண அலுவலகத்துக்குத் தாத்தாவின் பெயர், படை எண், ஊர், வாரிசு விவரத்தோடு எழுதிக் கேட்பது. படை எண் கடிதத்தில் அனுப்புநர் பகுதியில் இருக்க வேண்டும், பதக்கத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். இன்னொன்று தபால் முத்திரை. போர்முனைத் தபால் நிலையங்களுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் எந்த மாதம் எங்கே இருந்தது என்பதை அஞ்சல்தலை சேகரிப்பாளர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் கடிதத்தின் வெளிப்பக்கம் மட்டும் இல்லை. அந்த வட்ட முத்திரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, நேர் வெளிச்சத்தில் ஒன்று எனப் படமெடுத்து அனுப்புங்கள், எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.